காற்று வழிவிடும் நாட்கள்

எவரெஸ்ட் உச்சியைத் தொட்டவர்களின் பட்டியலில் தேதிகளை மட்டும் படித்துப் பாருங்கள். டென்சிங் நார்கேயும் எட்மண்ட் ஹிலாரியும் ஏறியது 1953 மே 29. முதன்முதலில் வெற்றிகண்ட இந்திய அணி ஏறியது 1965 மே 20. உலகிலேயே முதல் பெண்ணாக ஜப்பானின் ஜுன்கோ தாபே ஏறியது 1975 மே 16. முதல் இந்தியப் பெண் பச்சேந்திரி பால், 1984 மே 23. தமிழ்நாட்டிலிருந்து சென்று ஏறிய முதல் பெண் முத்தமிழ்செல்வி, 2023 மே 23. எழுபது ஆண்டுகளில் காலணி மாறியது, கயிறு மாறியது, ஆக்சிஜன் உருளையின் எடை குறைந்தது. மாதம் மட்டும் மாறவே இல்லை.

மே மாதம் அங்கே கோடை, குளிர் குறைவு, அதனால்தான் என்று தோன்றலாம். அந்த விடை பாதிக்கும் கீழேதான் சரி. உச்சியில் ஜனவரியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 36 டிகிரி அளவில் இருக்கிறது. ஜூலையில் அது மைனஸ் 18-ஐ ஒட்டி வருகிறது. குளிர்தான் தடை என்றால் ஜூலையில் அல்லவா கூட்டம் நிரம்ப வேண்டும்? ஜூலையில் அந்த மலையில் ஆளே இருப்பதில்லை. ஏறும் நாளை முடிவு செய்வது வெப்பமானியைவிடக் காற்றும் பனியும்தான். அந்த இரண்டும் எப்போது, ஏன் ஒரே சமயத்தில் ஒதுங்குகின்றன என்பதைப் புரிந்துகொண்டால், நம் தென்மேற்குப் பருவமழை எப்படிப் பிறக்கிறது என்பதும் கூடவே புரிந்துவிடும்.

முதலில் காற்று. பூமத்திய ரேகையை ஒட்டிய வெப்பக் காற்றுக்கும் துருவத்துப் பக்கத்துக் குளிர்காற்றுக்கும் உள்ள வேறுபாடு, பூமியின் சுழற்சி, இரண்டும் சேர்ந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக விரையும் காற்றோடைகளை உண்டாக்குகின்றன. இவற்றை ஜெட் காற்றோட்டம் என்கிறோம். விமானிகளுக்கு இது நன்கு தெரிந்த சங்கதி. அக்டோபர் பிற்பகுதி தொடங்கி ஏப்ரல் வரை, இந்த ஓடைகளில் ஒன்று இமயமலையின் தென்விளிம்பை ஒட்டியே பாய்கிறது. எவரெஸ்டின் உயரம் 8,848.86 மீட்டர். அதாவது ஆற்றின் நடுவே நிற்கும் பாறையைப் போல, ஜெட் காற்றின் அடிவயிற்றில் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது அந்தச் சிகரம். குளிர்காலத்தில் உச்சியில் காற்று மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டுவது வழக்கம், 160-ஐயும் தாண்டும். தெளிந்த நாளில் உச்சியிலிருந்து கிழக்கே கொடிபோல நீளும் வெண்பட்டையைப் படங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். ஜெட் காற்று உச்சியை வாட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

உச்சியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். ஆகவே அங்கே மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று தரும் தள்ளுவிசை, சமவெளியில் 60 கிலோமீட்டர் வேகக் காற்று தருவதற்குச் சமம்தான். நிற்க முடியும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் இரண்டு அடி அகலமுள்ள பனிமுகட்டில், முகமூடிக்குள் மூச்சு வாங்கியபடி நிற்பவருக்கு அந்தத் தள்ளுவிசையே போதும். அதைவிடக் கொடியது குளிர். மைனஸ் 25 டிகிரியில் 50 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால், திறந்த தோலை அது மைனஸ் 40-க்கும் கீழான குளிராகத் தாக்கும். விரல்கள் உறைந்து கருக நிமிடங்கள் போதும். அதனால்தான் அனுபவமுள்ள அணித்தலைவர்கள் உச்சியில் காற்றின் வேகம் சுமார் 50 கிலோமீட்டருக்குள் இருக்கும் நாளையே தேடுகிறார்கள்.

ஏப்ரல் முடியும்போது வெயில் ஏறுகிறது. இமயத்துக்கு வடக்கே சராசரியாக 4,500 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கிறது திபெத்தியப் பீடபூமி. இவ்வளவு உயரத்தில் இவ்வளவு பரந்த நிலம் உலகில் வேறெங்கும் கிடையாது. சமவெளி சூடானால் தரையை ஒட்டிய காற்றுதான் முதலில் சூடாகும். திபெத் சூடாகும்போதோ வளிமண்டலத்தின் நடுப்பகுதியே நேரடியாகச் சூடாகிறது. அதன் மேலே ஒரு பெரிய உயர் அழுத்த மண்டலம் உருவாகிறது. தெற்கே இருந்த மேற்கு ஜெட் தளர்ந்து, தடுமாறி, கடைசியில் பீடபூமியின் வடபக்கம் போய்விடுகிறது. அது விலகும் நேரத்திலேயே வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் ஈரக்காற்று வடக்கு நோக்கிப் புறப்படுகிறது.

இந்த இரண்டுக்கும் உள்ள உறவை 1949-இல் மவுங் துன் யின் என்ற பர்மிய ஆய்வாளர் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார். இந்தியாவிலும் பர்மாவிலும் பருவமழை தொடங்கும் தருணமும், ஜெட் இமயத்தின் தெற்கிலிருந்து வடக்கே தாவும் தருணமும் இணைந்தே வருகின்றன என்பது அவர் கண்டது. பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைமை இயக்குநராக இருந்த பி. கோடேஸ்வரம் 1958-இல் இன்னொரு பகுதியை நிரப்பினார். பருவமழைக் காலத்தில் சுமார் 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில், ஏறத்தாழச் சென்னையின் அட்சரேகையை ஒட்டி, கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் ஓடுகிறது என்று அவர் விளக்கினார். திபெத்தின் மேலே உள்ள உயர் அழுத்தத்தின் வடபுறம் மேற்கு ஜெட், தென்புறம் நம் தலைக்கு மேலே கிழக்கு ஜெட். எவரெஸ்டில் காற்று ஓய்வதும், கேரளத்திலும் குமரியிலும் மழை இறங்குவதும், சென்னைக்கு மேலே கிழக்குக் காற்று விரைவதும் ஒரே பேரியக்கத்தின் பகுதிகள். வானிலை அறிவியலில் எனக்கு இதைவிட அழகான இணைப்பு தெரியாது.

கேரளத்தில் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 1. கிழக்கு நேபாளத்தை அது எட்ட ஜூன் இரண்டாம் வாரம் ஆகும். ஜெட் முழுவதும் விலகிவிட்டால் அதன்பின் ஈரக்காற்று மலையேறிவந்து நாள்தோறும் பனியைக் கொட்டும். ஆக, மேற்குக் காற்று விலகத் தொடங்கி, பருவக்காற்று வந்து சேராத ஓர் இடைவெளி மே மாதத்தின் நடுவிலும் பிற்பகுதியிலும் விழுகிறது. அதுவும் தொடர்ச்சியான இடைவெளி கிடையாது. ஜெட் ஒருநாள் வடக்கே ஒதுங்கும், மூன்றாம் நாள் திரும்பி வரும். ஓர் ஆண்டு பத்து நாளுக்கு மேல் உச்சி அமைதியாக இருக்கும். இன்னோர் ஆண்டு இரண்டு மூன்று நாட்களே கிடைக்கும்.

இந்த இடைவெளி மூடிய பிறகும் மலையில் நிற்பது எத்தனை ஆபத்தானது என்பதை முதல் எவரெஸ்ட் அணிகளே பெருவிலை கொடுத்துத் தெரிந்துகொண்டன. 1922-இல் திபெத் வழியாகச் சென்ற பிரிட்டிஷ் அணி இருமுறை முயன்று திரும்பியிருந்தது. ஜூன் தொடக்கத்தில் பனி கொட்டியது. பிறகு வானம் வெளுத்தது. ஜார்ஜ் மல்லோரி, ஹோவர்ட் சோமர்வெல், காலின் கிராஃபோர்ட் மூவரும் 14 சுமைதூக்கிகளுடன் ஜூன் 7-ஆம் தேதி வடக்குக் கணவாயின் சரிவில் ஏறினார்கள். புதிதாக விழுந்த பனி, கீழே இருக்கும் பழைய கெட்டிப் பனியோடு பிடிப்புக்கொள்ள நாட்கள் ஆகும். அதற்குள் ஈரப்பதமும் வெயிலும் சேர்ந்தால் மேலடுக்கு தனியே நழுவக் காத்திருக்கும். அன்று அப்படியே நழுவியது. முன்னே சென்ற மூவரும் பிழைத்தனர். பின்னால் கயிற்றில் வந்தவர்களில் ஒன்பது பேரைப் பனிச்சரிவு ஒரு பள்ளத்துக்குள் தள்ளியது. அவர்களில் ஏழு பேர் இறந்தனர். எவரெஸ்ட் முயற்சிகளில் பனிச்சரிவுக்கு முதலில் உயிரைக் கொடுத்தவர்கள் இந்த ஏழு பேர்தான். இறந்தவர்கள் எல்லோரும் சுமை தூக்க வந்த மலைமக்களாக இருக்க, தங்களில் ஒருவர்கூட அவர்களோடு போகவில்லையே என்ற வேதனை சோமர்வெல்லுக்கு நீங்கவே இல்லை.

அறுவை மருத்துவரான அந்தச் சோமர்வெல் நமக்கு அந்நியர் அல்லர். அந்தப் பயணம் முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்தவர், அன்றைய திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் நோயாளிகள் குவிந்து கிடப்பதைக் கண்டார். லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டு நெய்யூரிலேயே பணியேற்று, இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றினார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் நெய்யூர், பருவமழை நிலத்தில் முதலில் கால்வைக்கும் பகுதியை ஒட்டியது. 1924-இல் மீண்டும் எவரெஸ்ட் சென்றபோது எடுத்த வானிலை அளவீடுகளின் பதிவை வெளியிட்டவரும் அவரே. அந்த ஆண்டு ஜூன் 8 அன்றுதான் மல்லோரியும் ஆண்ட்ரூ இர்வினும் உச்சியருகே மறைந்தார்கள். சோமர்வெல்லின் பதிவுகளை டொரண்டோ பல்கலைக்கழகத்தின் கென்ட் மூரும் ஜான் செம்பிளும் 2010-இல் அலசியபோது, அந்த நாட்களில் அடிவார முகாமில் காற்றழுத்தம் சுமார் 18 மில்லிபார் சரிந்திருந்தது தெரியவந்தது. அது ஒரு பெரும்புயலின் அறிகுறி.

காற்றழுத்தம் சரிந்தால் புயல் வரும் என்பது ஒருபுறம். எவரெஸ்ட் உச்சியில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு: சுவாசிக்கக் கிடைக்கும் ஆக்சிஜனும் சரிகிறது. 1981 அக்டோபர் 24 அன்று அமெரிக்க மருத்துவ ஆய்வுக்குழுவைச் சேர்ந்த கிறிஸ் பிஸ்ஸோ உச்சியில் அழுத்தத்தை நேரடியாக அளந்தார். 253 மில்லிமீட்டர் பாதரசம். கடல்மட்டத்தில் அது 760. பாடநூல் வாய்பாட்டின்படி அந்த உயரத்துக்கு 236 தான் வந்திருக்க வேண்டும். கூடுதலாகக் கிடைத்ததற்குக் காரணம் எவரெஸ்ட் 28-ஆவது வடக்கு அட்சரேகையில், வெப்பமண்டலத்தை ஒட்டி இருப்பது. அந்தப் பக்கங்களில் வளிமண்டலம் துருவப் பகுதியைவிடத் தடித்தது. இதே உயரமுள்ள மலை அலாஸ்காவில் இருந்திருந்தால், ஆக்சிஜன் உருளை இல்லாமல் அதில் ஏற மனித உடலால் முடிந்திருக்காது என்பது அந்த ஆய்வுக்குழுவின் தலைவர் ஜான் வெஸ்டின் கணிப்பு.

உச்சியின் அழுத்தம் பருவத்தோடும் ஏறி இறங்குகிறது. நடுக்குளிர்காலத்தில் சராசரி சுமார் 243, நடுக்கோடையில் சுமார் 255. வெறும் 12 மில்லிமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். அந்த உயரத்தில் 12 மில்லிமீட்டர் குறைவது, மலை 300 மீட்டருக்கு மேல் வளர்ந்துவிட்டதற்குச் சமம். ஜனவரியின் எவரெஸ்ட் உடலுக்கு 9,100 மீட்டரைத் தாண்டிய மலை. ஷெர்பா அங் ரீதா 1987 டிசம்பர் 22 அன்று, குளிர்காலத்தில், உருளை ஆக்சிஜன் இல்லாமல் உச்சியேறினார். அதைத் திரும்பச் செய்தவர் இன்றுவரை யாருமில்லை. மலையேற்றத்தின் மாபெரும் சாதனைகளில் ஒன்றாக இதை வைக்க வேண்டும். அவர் பெயர் இமயத்துக்கு வெளியே இன்னும் போதுமான அளவு தெரியாதது வருத்தம்.

இப்போது மே மாதத்துக்கே வருவோம். ஏறுவோர் ஏப்ரல் தொடக்கத்தில் 5,300 மீட்டரைத் தாண்டிய அடிவார முகாமுக்குப் போய்ச் சேர்கிறார்கள். அதற்குச் சற்று முன்பே ஷெர்பாக்கள் கும்பு பனியருவியில் ஏணிகளையும் கயிறுகளையும் பொருத்தி வழி அமைக்கத் தொடங்கியிருப்பார்கள். ஏப்ரல் முழுவதும் மேலே ஏறுவதும் கீழே இறங்குவதுமாக உடல் மெல்லிய காற்றுக்குப் பழகுகிறது. மே முதல் வாரத்தில் உடல் தயார். வானம் தயாராக இருக்காது. அதன்பிறகு காத்திருப்பதே வேலை. அந்த உயரத்தில் உடல் ஓய்விலும் எடை இழந்துகொண்டே இருக்கும் என்பதால் நெடுநாள் காத்திருக்கவும் முடியாது. பலர் கீழே உள்ள ஊர்களுக்கு இறங்கிச் சில நாள் தங்கி வருகிறார்கள். அடிவாரத்திலிருந்து உச்சிக்கு நான்கைந்து நாள் நடை. எனவே ஐந்து நாளுக்கு அப்பால் காற்று எப்படி இருக்கும் என்று இன்றே தெரிந்தாக வேண்டும். மே முடியும்போது பனியருவியின் வழி மூடப்பட்டுவிடும்.

இந்திய அணிகளின் கதையே இதற்குச் சாட்சி. 1960-இல் ஞான் சிங் தலைமையில் சென்றவர்கள் உச்சிக்கு 200 மீட்டரளவே எஞ்சியிருந்தபோது வானிலையால் திரும்பினார்கள். 1962-இல் ஜான் டயஸ் தலைமையில் சென்றவர்கள் இன்னும் நெருங்கிப்போய்த் திரும்பினார்கள். 1965-இல் எம். எஸ். கோலியின் அணியும் முதலில் ஏறியபோது வானிலை கெட்டது. அவர்கள் அடிவாரத்துக்கே இறங்கிவந்து பொறுத்திருந்தார்கள். மே 20 முதல் 29 வரை ஒன்பது பேர் உச்சி தொட்டார்கள். அந்த வெற்றியில் கால்களின் வலிமைக்கு உள்ள பங்கு பொறுமைக்கும் உண்டு.

அன்று அகில இந்திய வானொலி ஒலிபரப்பிய வானிலைக் குறிப்புதான் துணை. 1953 அணிக்கும் அப்படித்தான். இன்று கணினி மாதிரிகளும் செயற்கைக்கோள்களும் இருக்கின்றன. 2019-இல் 8,430 மீட்டரில் ஒரு தானியங்கி வானிலை நிலையமும், 2022-இல் 8,810 மீட்டரில் இன்னொன்றும் நிறுவப்பட்டன. கணிப்பு துல்லியமானது எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கும். கூடவே ஒரு சிக்கலும் வந்தது. எல்லோருக்கும் ஒரே கணிப்பு கிடைப்பதால் எல்லோரும் ஒரே நாளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2018-இல் நல்ல வானிலை பதினோரு நாள் நீடித்தது. ஏறியவர்கள் பரவிச் சென்றார்கள். 2019-இல் நேபாளம் 381 பேருக்கு அனுமதி தந்திருந்தது; அமைதியான நாட்களோ சிலவே. மே 22 அன்று உச்சிமுகட்டில் மக்கள் வரிசைகட்டி நின்ற படத்தை மலையேற்ற வீரர் நிர்மல் புர்ஜா எடுத்தார். உருளையில் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டிருக்கும்போது நகராத வரிசையில் நிற்பது எத்தகைய கொடுமை! அந்தப் பருவத்தில் எவரெஸ்டில் 11 பேர் இறந்தார்கள். எல்லா மரணங்களையும் நெரிசலின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் பருவம் தரும் நாட்கள் எத்தனை என்று தெரியாமல் அனுமதிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவது தவறு என்று உறுதியாகச் சொல்வேன்.

அனுமதிக் கட்டணமே பருவத்தைப் பார்த்து நிர்ணயமாகிறது. 2025 செப்டம்பர் முதல் நேபாளத் தரப்பில் வசந்தகாலத்துக்கு 15,000 டாலர், இலையுதிர்காலத்துக்கு 7,500, மற்றக் காலங்களுக்கு 3,750.

இலையுதிர்காலத்தில் பருவமழை விலகியதும் இன்னொரு சிறு இடைவெளி கிடைக்கிறது. 1973 அக்டோபரில் ஜப்பானியர் இருவர் அந்தப் பருவத்தில் முதன்முதலாக எவரெஸ்ட் ஏறினார்கள். ஆனால் மே மாதத்தில் நாள் நீள்கிறது, குளிர் தணிகிறது. அக்டோபரில் எல்லாம் தலைகீழ். மழைக்காலம் கொட்டிய பனி சரிவுகளில் இளகிக் கிடக்கும்; அது இறுகுவதற்குள் ஜெட் திரும்பிவிடும். 1952 இலையுதிர்காலத்தில் சுவிஸ் அணியுடன் சென்ற டென்சிங் இந்தக் காற்றிலும் குளிரிலும்தான் தெற்குக் கணவாய்க்குச் சற்று மேலே தோற்றுத் திரும்பினார். இன்று செப்டம்பரில் பலர் நாடுவது 8,163 மீட்டர் உயர மனஸ்லுவை. அங்கும் 2012 செப்டம்பர் 23 அன்று பனிச்சரிவு உறங்கிக்கொண்டிருந்த முகாமைப் புதைத்தது. 11 பேர் இறந்தார்கள்.

குளிர்காலத்தில் ஏறியவர்களும் உண்டு. 1980 பிப்ரவரி 17 அன்று போலந்தின் லெஷெக் சிஹியும் கிஷிஷ்தோஃப் வியெலிட்ஸ்கியும் குளிர்கால எவரெஸ்டை முதலில் வென்றார்கள். எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரங்களில் கே2 மட்டும் குளிர்காலத்தில் யாருக்கும் வசப்படாமல் இருந்தது. 2021 ஜனவரி 16 அன்று நேபாளியர் பத்துப் பேர் ஒன்றாக அதன் உச்சியில் கால்வைத்தார்கள். அதே கே2-வின் வழக்கமான பருவம் மே மாதம் அல்ல, ஜூலையும் ஆகஸ்டும். காரகோரம் மலைத்தொடர் வடமேற்கே, 36-ஆவது அட்சரேகையில் இருப்பதால் ஜெட் அங்கிருந்து விலகப் பின்கோடை ஆகிறது. பருவமழையும் அங்கே பெரும்பாலும் எட்டுவதில்லை. தென் அமெரிக்காவின் அகோன்காகுவாவில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. அதுவே அங்கே ஏறும் காலம். ஒவ்வொரு மலைக்கும் அதனதன் காற்று, அதனதன் மாதம்.

இமயத்தின் நாட்காட்டியைக் கலைக்கக்கூடிய ஒன்று நம் கரையோரத்திலேயே பிறக்கிறது. வங்கக்கடலில் புயல்கள் உருவாகும் இரண்டு காலங்கள் ஏப்ரல்–மே, அக்டோபர்–டிசம்பர். இமயத்தில் ஏறும் காலங்களும் ஏறத்தாழ அவையே. 2019 மே 3 அன்று ஒடிசாவில் கரைகடந்த ஃபானி புயலின் காற்று எவரெஸ்டின் இரண்டாம் முகாமில் கூடாரங்களைப் பிய்த்தெறிந்தது. 2021 மே 26 அன்று கரைகடந்த யாஸ் பல அணிகளின் திட்டத்தைக் குலைத்தது. மிகக் கொடியது ஹுத்ஹுத். 2014 அக்டோபர் 12 அன்று அது விசாகப்பட்டினம் அருகே கரைகடந்தது. அதன் மிச்ச ஈரத்தை மேற்கிலிருந்து வந்த ஒரு காற்றுத்தாழ்வு வடக்கே இழுத்துச் சென்றது. அக்டோபர் 14 அன்று அன்னபூர்ணா சுற்றுப்பாதையில், 5,416 மீட்டர் உயரத் தோரோங் லா கணவாயைக் கடந்துகொண்டிருந்தவர்கள் மேல் கண்தெரியாத பனிப்புயலாக அது விழுந்தது. சுற்றுலாப் பயணிகள், வழிகாட்டிகள், யாக் மேய்ப்பவர்கள் என நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிகரம் ஏற வந்தவர்கள் அல்லர் அவர்களில் பெரும்பாலோர், நடைப்பயணம் வந்தவர்கள். இரண்டு நாள் முன்பே இந்தியக் கரையில் ஊரறிய வீசிய புயல் அது.

தமிழ்நாட்டிலிருந்து அன்னபூர்ணாவுக்கும் எவரெஸ்ட் அடிவாரத்துக்கும் நடைப்பயணம் போகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் அக்டோபரிலோ மே மாதத்திலோ கிளம்புவதாக இருந்தால், காத்மாண்டுவின் வானிலையோடு இந்திய வானிலை ஆய்வு மையத்தின் வங்கக்கடல் அறிக்கையையும் நாள்தோறும் பாருங்கள். ஆந்திரம், ஒடிசா, வங்கக் கரைகளை நோக்கி ஒரு புயல் நகர்கிறது என்றால், மலையில் வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும் உயரமான கணவாயைக் கடப்பதை மூன்று நாள் தள்ளிவையுங்கள். அதற்கென்றே பயணத் திட்டத்தில் உபரி நாட்களை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.